ஒரே வண்டி, நாலு நம்பர்

விசாரித்ததில் நான் சொல்வதாவது: என் பெயர் பதிவேட்டில் கண்டபடி. வயது இருபத்தாறு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெருவில் என் அக்கா வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, நகராட்சி வாகனப் பணிமனையில் இளநிலைப் பொறியாளராகச் சென்ற வருடம் முதல் வேலை பார்த்து வருகிறேன். அங்கே என்னை "அவசரம்" என்று கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாக்கடை அடைப்பெடுக்கும் உறிஞ்சு வண்டிகள் நான்கு, பகுதிக்கு ஒரு ஷெட்டாக நிற்கின்றன. ஓடுவது ஒன்றுதான். வரவு செலவுத் திட்டத்துக்கு ஓட்டெடுக்கும் நாளன்று காலையில் நிதிக்குழு நான்கு ஷெட்டுக்கும் போய், வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்க்கும். அன்று ஓடுகிற வண்டியைக் குறுக்குத்தெரு வழியாக, குழு போய்ச் சேருமுன் அடுத்த ஷெட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஓடாமல் கிடப்பதைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, அதன் நம்பர் பலகையை இதில் மாட்டி நிறுத்துவது பணிமனை வழக்கம். ஓட்டுநர் என் அக்கா வீட்டுக்காரர். ஷெட்டுக்கு ஷெட்டு தொப்பியை மாற்றிக்கொள்வார். நான்கும் ஓடுகிறது என்று எழுதிக்கொண்டு டீசலுக்கும் டயருக்கும் மட்டும் பணம் ஒதுக்குவார்கள். புது வண்டிக்கு ஒதுக்கியதே கிடையாது.

நேற்று மாலை பணிமனைக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, பலகைகளைக் கழற்றி வைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "தம்பி, வர்றவங்க வண்டியவா பாக்குறாங்க? நம்பரத்தான் பாக்குறாங்க" என்றார். ஓடவில்லை என்றே எழுதலாமே என்றதற்கு, "எழுதுனா, அப்புறம் நீ எதுக்கு இருக்கேன்னு என்னைக் கேப்பாங்க" என்றார். வண்டிக்கு மேக்கப் போட நான் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து, கழிவுநீர் வார்டு வாசல்படி வரை ஏறிவிட்டது என்று மறுபடியும் போன் வந்தது. கண்காணிப்பாளர் நாளைக்கு வரும் என்று சொல்லச் சொன்னார். அதன் பிறகு குழு வந்து, முதல் ஷெட்டில் வண்டி ஸ்டார்ட் ஆனதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனது. நான் ஓட்டுநரிடம் போய், ஆஸ்பத்திரிக்கு விடுங்கள் மாமா என்றேன்.

"மாப்ளே, என் வேலை போச்சுன்னா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். வண்டியத் திருப்புங்க."

"நீ சொல்லுவ. அடி எனக்குல்ல விழும்" என்று சொல்லிக்கொண்டே திருப்பிவிட்டார்.

அதன் பிறகு நான் மோட்டார் சைக்கிளில் இரண்டாவது ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். ஓட்டுநர் இருக்கையில் நாய் குட்டி போட்டிருந்தது. குழு வந்து சேர்ந்ததும் தலைவர் அம்மா, "போன வருஷம் இது என் கண்ணு முன்னாடி ஸ்டார்ட் ஆச்சே?" என்றார். நாலு இடத்திலும் ஸ்டார்ட் ஆனது ஒரே வண்டிதான் மேடம் என்றேன். அதன் பிறகு ஒரு உறுப்பினர், "அடப்பாவிகளா, அந்த டிரைவர் நாலு அண்ணன் தம்பின்னு நினைச்சேனே!" என்றார்.

மூன்றாவது வண்டிக்குச் சக்கரம் இல்லை. நான்காவதில் வாட்ச்மேன் துணி காயப்போட்டிருந்தார். அதன் பிறகு தலைவர் அம்மா ஓடுகிற வண்டியைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கே வந்தார். குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது. தண்ணீர் வாசலை விட்டு இறங்கியிருந்தது. படியைத் தேய்த்துக் கழுவிய நர்ஸ் அவரை யாரென்று தெரியாமல், "போன வாரம் சொன்னதுக்கு இன்னிக்கே வந்துட்டீங்களே, பெரிய மனசு" என்றார். தலைவர் அம்மா நேரே போய்க் காரில் ஏறினார்.

அதற்குள் கண்காணிப்பாளர், நான் நகராட்சி வண்டியைத் திருடியதாகப் புகார் கொடுத்துவிட்டதால் என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார்கள். மதியம் நடந்த கூட்டத்தில், அதிகாரிகளின் புது கார்களையும் கூட்ட அரங்கின் ஏசியையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டு, மூன்று புது உறிஞ்சு வண்டிகளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்களாம். மாமா போனில் சொன்னார். சொல்லும்போது கத்தினார்.

அதன் பிறகு தாங்கள் என்னிடம், "புகாரையே வாபஸ் வாங்கிட்டாரு, வீட்டுக்குப் போப்பா" என்றீர்கள். புகார் இல்லையென்றால் இது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். புது வண்டிகளும் ஒருநாள் படுக்கும். அன்றைக்கு மறுபடி தொப்பியை மாற்றுவார்கள். ஆகவே எழுதிக்கொண்டால்தான் எழுந்து போவேன் என்று உட்கார்ந்து, இதைச் சொல்லியிருக்கிறேன்.

மேலே சொன்னது அத்தனையும் உண்மை. எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். ஏட்டையா எனக்கு நல்லது நினைத்து "விதிமுறை தெரியாமல் வண்டியை அனுப்பிவிட்டேன்" என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, "தெரிந்தே அனுப்பினேன்" என்று திருத்தி, திருத்திய இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
இளநிலைப் பொறியாளர், வாகனப் பணிமனை