ஃபில்டர் இருந்த பக்கம்

டீசல் இன்ஜினைப் போல அடக்கமான ஜீவனை நான் பார்த்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. தண்ணீர் கலக்காத டீசலும் காற்றுப் புகாத குழாயும் கொடுத்துவிட்டால் அது வேறு எதையும் கேட்காது. மனிதர்களிடம் அப்படி நிம்மதியாக இருக்க முடிகிறதா, சொல்லுங்கள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி ஜோதியம்மாளின் பட்டறை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் சின்ன டீசல் இன்ஜின்கள் செய்கிறோம். டேங்க் எங்கே உட்கார வேண்டும், குழாய் எந்த வழியாகப் போக வேண்டும், ஃபில்டர் எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக எங்கள் பட்டறையிலிருந்து போன ஒவ்வொரு இன்ஜினிலும் டேங்க் தலைக்கு மேல்தான் இருக்கும். டீசல் தானாக இறங்கி வரும். அந்த அமைப்பு என்னுடையது.

அறிவுமதி எனக்குக் கீழே வரைகிற வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கீழ்பென்னாத்தூர்க்காரன், முப்பத்து நான்கு வயது, சிந்துஜா என்று மனைவி. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். என் டீ கிளாஸையும் சேர்த்துக் கழுவி வைப்பான். காரணமில்லாமல் யாராவது அடுத்தவன் கிளாஸைக் கழுவுவார்களா? எனக்கு முதல் வாரமே உறுத்தியது.

பௌர்ணமி தவறாமல் விடியற்காலையில் கிரிவலம் போவான். ஒருமுறை பதினான்கு கிலோமீட்டரும் அவன் பின்னாலேயே நடந்தேன். லிங்கம் லிங்கமாக நின்று கும்பிட்டான், சுண்டல் வாங்கித் தின்றான், அம்மாவிடம் போனில் பேசினான். வேறு யாரையும் சந்திக்கவில்லை. எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதன்பிறகு வீட்டுக்குக் கிளம்பும்போது என் மேஜை இழுப்பறையில் ஒரு நூலைச் சொருகிவிட்டுப் போவேன். நூல் ஒருநாளும் அறுந்ததில்லை. நூல் இருப்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

போன தை மாதம் ஜோதியம்மாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அறிவுமதி டேங்க்க கீழ எறக்கி ஒண்ணு வரைஞ்சிருக்காருங்க. ஒரு அடி ஒயரம் கம்மியாவுது. ரெண்டு பேரா தூக்கி வண்டியில வெச்சிடலாம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அடிச்சட்டத்துக்குள்ளேயே டேங்க், டீசலை மேலே தூக்கச் சின்னப் பம்ப், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், குளிர்ந்த பக்கத்தில் ஃபில்டர். குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாள் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. இது ஓடினால் என் அமைப்பு பட்டறையை விட்டுப் போய்விடும். பின்னாலேயே நானும் போக வேண்டியதுதான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது இன்ஜினை விவசாயியின் கிணற்றடியில் வைத்து, டேங்க் காலியாகித் தானாக நிற்கும்வரை ஓட்டுவோம். குழாயில் காற்று ஏறிவிடும். டீசலை ஊற்றி, ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தி, பம்பைக் கையால் அடித்துக் காற்றை வெளியேற்றி, ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கிளப்பிக் காட்டுவோம். விவசாயி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படிக் காட்டினால்தான் நம்புவார்கள். அந்த வழக்கத்தை ஆரம்பித்தவனும் நான்தான்.

திருகைத் தளர்த்தினால் டீசல் பீச்சும். இன்ஜின் ஆறியிருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். எங்கள் ஆட்கள் யாரும் ஆறும்வரை காத்திருக்க மாட்டார்கள்.

வரைபடத்தைச் சரிபார்த்து உள்ளே அனுப்புவது நான். ஃபில்டரைச் சைலன்சர் பக்கத்துக்கு மாற்றினேன். பழுக்கக் காயும் சைலன்சர் குழாய்க்கு நான்கு விரல் மேலே. மற்றபடி அவன் வரைந்ததில் நான் கை வைக்கவில்லை. எனக்கும் நியாயம் தெரியும்.

சோதனைக்கு வண்டியில் ஏற்றும்போது அவன் கவனித்துவிட்டான்.

"சார், ஃபில்டரு சைலன்சர் பக்கமா வந்திருக்கே. நீங்க மாத்தினீங்களா?"

"ஆமாம்பா. அந்தப் பக்கம் அதிர்வு கம்மி."

"சூடு ஜாஸ்தியா இருக்குமே சார்?"

"பத்தொம்போது வருஷமா இதத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

அவன் தலையை ஆட்டினான். "நீங்க சொன்னா சரியாதான் சார் இருக்கும்."

நான்கு போல்ட்தான். கழற்றிப் பழைய பக்கமே மாட்டப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவன் மாட்டவில்லை. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கீழ்பென்னாத்தூரில் வேடியப்பன் என்பவரின் வேர்க்கடலைக் கொல்லை. இன்ஜின் அருமையாக ஓடியது. உண்மையைச் சொல்கிறேன், என்னுடையதைவிட நன்றாக ஓடியது. டீசல் தீர்ந்து நின்றதும் வேடியப்பன் கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிங்க தம்பி" என்றார். அறிவுமதி கேனிலிருந்து டீசலை ஊற்றி, கேனைக் காலடியில் வைத்துவிட்டுக் குனிந்தான். நான் வரப்பில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். அங்கே நிழல் இருந்தது.

திருகைத் தளர்த்தியதும் டீசல் சைலன்சர் குழாயின் மேல் பீச்சிப் பற்றிக்கொண்டது. அவன் பின்வாங்கியபோது கேன் காலில் இடறிக் கவிழ்ந்தது. வேடியப்பன் ஈரச்சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன், கொஞ்சம் பின்னால். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான் என்று உங்கள் பதிவிலேயே இருக்கும்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். தினமும் போனேன். சிந்துஜாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவன் போய்விட்டான். விபத்து என்று எழுதிக் கேஸை முடித்தீர்கள். நானும் பழையபடி டேங்க்கைத் தலைக்கு மேல் வைத்து வரைந்துகொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். பிடிபட்டுவிடுவேன் என்று பயந்து நான் இங்கே வரவில்லை.

நேற்று ஜோதியம்மாள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் கேட்டபோது அறிவுமதி கடைசியாகச் சொன்னானாம்: "ஃபில்டர அந்தப் பக்கம் வெச்சது நான்தாங்க. ராமகிருஷ்ணன் சாருக்குத் தெரியாது. அவர ஒண்ணும் கேக்காதீங்க."

அப்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, ஐயா. மூன்று வருடமாக நான் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை பாருங்கள். மூச்சு நிற்கிற நேரத்திலும் என் வேலையைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அதைத் திருத்தி எழுதுங்கள். ஃபில்டரை அங்கே மாற்றியது நான். அவன் எப்படிக் குனிவான், கை எங்கே வரும், முகம் எங்கே வரும் என்று அளந்து பார்த்து மாற்றினேன். அதில் அவனுக்கு ஒரு பங்கும் கிடையாது.