ஈரப் போர்வை

என் பெயர் ஜெயஸ்ரீ, வயது 44, காலஞ்சென்ற தேசப்பனின் மனைவி. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கிறேன். விலங்கியல் பட்டதாரி; தனியார் பள்ளி ஆசிரியை. என் கணவருக்கு விஷம் வைத்துக் கொன்றதாகப் பொன்ராஜைக் கைது செய்திருப்பதால் இதைக் கூறுகிறேன்.

இருவரும் ஒரே விசைப்படகின் பங்காளிகள். மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் படகைப் பழுது பார்த்து வந்தனர். சம்பவத்தன்று காலை இன்ஜின் வேலை பற்றித் தகராறு ஏற்பட்டு, "உன்ன காலி பண்ணாம வுட மாட்டேன் மாமு" என்று பொன்ராஜ் கூறியது உண்மையாக இருக்கலாம். அவர்கள் எப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அதன் பிறகு என் கணவர், மீஞ்சூரில் என் அண்ணன் கத்தரிச் செடிக்கு வைத்திருந்த பூச்சிமருந்தைப் படகு அறையில் தெளித்திருக்கிறார். அண்ணனிடம் கேட்டு வாங்கியதும் அவரே. "மூட்டப்பூச்சிக்குத்தான் ஜெயா அடிச்சேன், போர்வைங்க மேலயும்" என்று மருத்துவமனையில் என்னிடம் சொன்னார்.

மதியம் அவருக்கு வியர்த்து, எச்சில் ஒழுகி, கால் தள்ளாடியது. பக்கத்துப் படகு ரஷீது, "இன்னா மாமு, பகல்லயே ஏத்திக்கினியா?" என்று கேலி செய்தாராம். "கம்முனு கெட. ஜொரத்துல நடுங்கிகினு கீறாரு" என்று பொன்ராஜ் அவரை அதட்டிவிட்டு, அறையிலிருந்த போர்வையை எடுத்து என் கணவரை இறுக்கமாகச் சுற்றினார். தகவல் கிடைத்து நான் மருத்துவமனை வாசலுக்குச் சென்றபோது, ஆட்டோவில் என் கணவர் போர்வையோடு பொன்ராஜின் மடியில் கிடந்தார். கண்மணிகள் கடுகளவு சுருங்கியிருந்தன. அவர் நடுங்கவில்லை. தோலுக்கடியில் தசைகள் தனித்தனியாகத் துடித்தன.

டாக்டர் போர்வையை உருவி எறிந்துவிட்டு அவரைக் கழுவச் சொன்னார். நரம்பு, தசையைச் சுருங்கச் சொல்ல அசிடைல்கோலின் என்ற பொருளை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை உடைத்துவிடும். இந்தப் பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால், இட்ட கட்டளை ஓயாமல், மூச்சுவிடும் தசைகளும் களைத்துப்போகும் என்று விளக்கினார். வகுப்பில் நான் பலமுறை நடத்திய பாடம்தான். மறுநாள் என் கணவர் இறந்தார். மருந்து காயாத ஈரப் போர்வையிலிருந்து தோல் வழியாக உடம்பில் இறங்கியதே அதிகம் என்று டாக்டர் கூறினார்.

அன்று பொன்ராஜும் வாந்தியெடுத்தார். அவர் கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. அது குற்ற பயம் என்று காவலர் எழுதியிருக்கிறார். விஷமென்று தெரிந்தவர் அந்தப் போர்வையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வரமாட்டார்.

அவர் கொலை செய்யவில்லை. போர்வையைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. அந்தப் பகுதியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டேன். அதைச் சொல்லாமல் அவரை விடுவிக்க வழியில்லை என்று ஆய்வாளர் கூறினார். சரி, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) தே. ஜெயஸ்ரீ