நாற்பத்து மூன்று டிஸ்க்குகளின் அட்டவணை

“...ஆன்லைன்ல வாங்கினவன் ஒருத்தன் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கான் சிஸ்டர், அஞ்சு! எதுக்குன்னு கேளுங்க. ‘டப்பா அழகா இருந்தது.’ அவ்வளவுதான். இன்னொருத்தன், ‘இன்னும் பிரிச்சுப் பாக்கல, ஆனா நல்லாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.’ அவனும் அஞ்சு! இந்த மகான்களை நம்பித்தான் நம்ம காசைப் போடணும்.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் மர பெஞ்சில் பதினேழாம் நம்பர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர், குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் சோதித்து ஓய்வுபெற்றவர். மீட்டர்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். பக்கத்தில் இருந்தது ஒரு நர்ஸ். வெள்ளை ஷூ, சட்டைப்பையில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம், சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்த அவசரம். கடைக்காரர் வேறு ஆளோடு பேசிக்கொண்டிருந்ததால், அந்தம்மா சும்மா இவர் பக்கம் திரும்பி, “வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஹார்ட் டிஸ்க் நல்லதுங்க?” என்று கேட்டுவிட்டது. கேட்டு இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

“நல்ல ஆள்கிட்டதான் கேட்டீங்க. மூணு மாசம் சிஸ்டர், மூணு மாசமா இதே வேலை. நம்பகமாவும் இருக்கணும், கைக்கு அடக்கமாவும் இருக்கணும். ரெண்டும் சேந்து ஒரு மாப்பிள்ளையே கிடைக்க மாட்டேங்குது, டிஸ்க் எங்க கிடைக்கும்? மஞ்சள் டப்பா கம்பெனி இருக்கான் பாருங்க, அவன் சொல்றான்... பத்து லட்சம் மணி நேரம் ஓடுமாம். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். நூத்திப் பதினாலு வருஷம்! கம்பெனி ஆரம்பிச்சே முப்பது வருஷம்தான் ஆகுது. மிச்சத்தை யாரு உக்காந்து பாத்தா? எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ரீடிங் எழுதியிருந்தா அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

“வாரண்டியா? அதையும் கேட்டுட்டீங்களா... இருங்க, சொல்றேன். அஞ்சு வருஷம் வாரண்டி. கெட்டுப்போனா புதுசு தருவான். என்ன தருவான்? காலி டிஸ்க்! உள்ள இருந்தது போச்சுன்னா? அதுக்கு அவன் பொறுப்பில்லையாம். பொடி எழுத்துல போட்டிருக்கான், பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். வீடு எரிஞ்சா புதுப் பூட்டு வாங்கித் தரேங்கிற மாதிரி.

“என் மச்சினன் ஒருத்தன் இருக்கான். நாங்க கம்ப்யூட்டர் மச்சான்னு கூப்புடுவோம். எது கேட்டாலும் ‘எஸ்எஸ்டி வாங்குங்க மாமா, அதுல சுத்துற பாகமே கிடையாது, கெட்டே போகாது’ம்பான். அடேய், ரிட்டையர் ஆனதுலேந்து என்கிட்டயும்தான் சுத்துற பாகம் ஒண்ணும் கிடையாது. நான் நம்பகமா? உங்க அக்காவைக் கேட்டுச் சொல்லுன்னேன். போனை வெச்சுட்டான்.”

நர்ஸ் தலைகீழ்க் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தது. மீட்டர்காரர் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

“ஒட்டகப் படம் போட்டு ஒருத்தன் விக்கிறான் பாருங்க, அந்த அலமாரில, கீழ் தட்டுல... அதை மட்டும் தொட்டுடாதீங்க. இருக்குறதுலயே விலை கம்மி. அப்போ எதையோ குறைச்சிருக்கான்னுதானே அர்த்தம்? என் அட்டவணைல அதுக்குக் கடைசி இடம். ஆமா, அட்டவணை போட்டிருக்கேன். நாப்பத்து மூணு டிஸ்க், ஒவ்வொண்ணுக்கும் பதினொரு கட்டம். விலை, சூடு, சத்தம், எத்தனை பேர் திட்டியிருக்கான், திட்டினவன் யோக்கியனா... எல்லாத்துக்கும் தனித்தனிக் கலர். வீட்டம்மா பாத்துட்டு, ‘பொண்ணுக்கு வரன் பாத்தப்பகூட நீங்க இவ்வளவு மெனக்கெடல’ன்னா. அது உண்மைதான். வரனுக்கு இத்தனை கம்பெனி இல்ல.

“அவ யாரு தெரியுமா? பேச்சு வராத பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்குற டீச்சர். ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் பேச வெக்கிறா. வீட்டுல இருக்குற ஒரு ஆளைப் பேசாம இருக்க வெக்கத்தான் முடியல... சிரிக்காதீங்க, இது அவளே சொல்றது. பதினாலு வருஷமா ஒரு காரியம் பண்ணிட்டு வரா. ஒவ்வொரு பிள்ளையும் முதமுதல்ல வாய் திறந்து சொன்ன வார்த்தையைப் பதிவு பண்ணி வெச்சிருக்கா. இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. அம்மா, தண்ணி, பூனை... ஒரு பையன் முதல் வார்த்தையே ‘போ’ன்னான். இவளைப் பாத்துத்தான்! ரெண்டு வருஷம் வாயே திறக்காத ஒரு பொண்ணு, ஒருநாள் அலமாரில இருந்த பொம்மையைக் கை காட்டி ‘அது’ன்னா. அதைக் கேட்டுட்டு இவ வீட்டுக்கு வந்து அழுதா பாருங்க... நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்.

“வர்ற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். ரிட்டையர்மெண்ட். அந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவை எல்லாம் கூப்பிட்டிருக்கா. பேச்சு, மாலை ஒண்ணும் வேணாம், அந்தக் குரல்களை வரிசையா ஓடவிட்டு ஒரு தடவை கேட்டுட்டுக் கிளம்பிடலாம்னு. அவ்வளவுதான் ஆசை.”

சொல்லிவிட்டு மடியில் இருந்த துணிப்பையைக் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டார். உள்ளே துண்டில் சுற்றிய ஒன்று இருந்தது. நர்ஸின் கண் அதன்மேல் போனது.

“இதுவா? இது... வீட்டு டிஸ்க், பழசு. உள்ள குடுத்துப் பாக்கணும். ஒண்ணும் பெரிசா இல்ல. லேசா ஒரு சத்தம். டக்... டக்...னு. அந்தக் குரல்களுக்குக் காப்பியா? இல்ல, எல்லாம் இதுலதான் இருக்கு. வேற எங்க இருக்கும்?

“எப்போலேந்து சத்தம்னா... அது... மூணு மாசம் இருக்கும். அன்னிக்கே வீட்டம்மா சொன்னா, ‘ஏதோ ஒண்ணு வாங்கிக் காப்பி எடுத்து வெச்சுடுங்க’ன்னு. ‘ஏதோ ஒண்ணு’! காதுல விழுந்துச்சா சிஸ்டர்? இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க குரலை ஏதோ ஒண்ணுல வெக்கிறதா? அவசரப்படாதே, நான் விசாரிக்கிறேன்னேன். விசாரிச்சேன். தப்பா அது? அதுலயும் மூணு தடவை முடிவுக்கு வந்துட்டேன். முடிவுக்கு வர்றப்ப எல்லாம் எவனாவது ஒரு படுபாவி ஒரு ஸ்டார் போட்டுடுறான்.

“சத்தத்தை வெச்சு உங்களால சொல்ல முடியாதான்னா கேக்கப் போறீங்க... சொல்ல முடியும். முப்பத்தோரு வருஷம், மீட்டர்ல காதை வெச்சே, ‘இது போயிடுச்சும்மா, இன்னிக்கே மாத்துங்க’ன்னு எத்தனை வீட்டுல சொல்லியிருக்கேன். ‘நாளைக்குப் பாக்கலாம்’னவங்களைத் திட்டியிருக்கேன். அது வேற... அது ஊரார் மீட்டர்.

“நேத்து கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை கறுப்பு. சத்தம்கூட இல்ல. இவகிட்ட சொல்லல. போன்ல இன்டர்நெட்டைப் பாத்தா ஒருத்தன் சொல்றான், பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ப்ரீசர்ல ஒரு ராத்திரி வெச்சா உயிர் வந்துடும்னு. ஆயிரத்து இருநூறு பேர் லைக் போட்டிருக்கான். வெச்சேன். பட்டாணி பாக்கெட்டுக்கு அடியில. ...ஏன் அப்படிப் பாக்குறீங்க? உங்க ஆஸ்பத்திரில யாரைக் குளிர வெப்பீங்கன்னு எனக்கும் தெரியும். இன்னிக்குக் காலைலதான் அது தோணுச்சு.”

நர்ஸ் எழுந்தது. கவுண்டருக்குப் போனது. கீழ்த் தட்டைக் காட்டியது. ஒட்டகப் படம் போட்ட டப்பா இரண்டை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டது. மொத்தம் ஒன்றரை நிமிஷம் இருக்கும்.

“சிஸ்டர்! சிஸ்டர், ஒட்டகம்... நான்தான் படிச்சுப் படிச்சு... அதுவும் ரெண்டா? எதுக்கு ரெண்டு? ...ஓ. ஒண்ணு போனா இன்னொண்ணு. ஆங்... அப்படி ஒரு வழி இருக்கோ. இல்ல, அந்தக் கட்டம் என் அட்டவணைல இல்ல. அதைக் காட்டுங்கன்னு கேக்காதீங்க. அந்த அட்டவணையும் இதுலதான் இருக்கு.”

நர்ஸ் அவர் தோளை ஒரு தரம் தொட்டது. தினம் எத்தனையோ பேரைத் தொட்டு ஆறுதல் சொல்கிற கை. அப்புறம் கண்ணாடிக் கதவு ஆடி நின்றது.

பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த ரிப்பேர்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டிஸ்க்கைக் காதோரம் லேசாக ஆட்டினார். உள்ளே ஏதோ உரசியது. ஒரு துளி ஈரம் மேஜையில் சொட்டியது. “ப்ரீசரா?” என்றார். இவர் தலையாட்டினார். ரிப்பேர்காரர் துண்டைத் திரும்பச் சுற்றி, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்து துண்டைப் பைக்குள் வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

“நான்தான்... கடையிலதான் இருக்கேன். இல்ல, இன்னும் வாங்கல. ஒரு விஷயம். உக்காந்திருக்கியா? உக்காரு. அந்தப் பழைய டிஸ்க்... அதுல உன் பிள்ளைங்க... அது வந்து... போயிடுச்சும்மா. என்னாலதான். நான்தான் பாத்துக்கிட்டே... என்ன? ...என்ன சொன்ன? ...எப்போ? சத்தம் வந்த மறுநாளேவா? ஸ்கூல் பக்கத்துக் கடையில... ரெண்டா! ஒண்ணு ஸ்கூல் பீரோல, ஒண்ணு உன் துணிக்கு அடியில. எல்லாமேவா? இருநூத்திப் பன்னெண்டும்? அந்த ‘போ’ன்ன பையனும்?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நம்பகம் என்ற கட்டத்தில் வீட்டம்மா தன்னை எங்கே வைத்திருப்பாள் என்று இப்போது புரிந்தது.

“எந்தக் கம்பெனி? ...ஒட்டகமா! ...இல்ல, ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லலடி நீ? மூணு மாசம் கண்ணு போக உக்காந்து... என்னது? ‘நீங்க சந்தோஷமா இருந்தீங்க’ளா? கலர் எல்லாம் அழகா இருந்துச்சா? ...சரி. ...சரிம்மா. இப்பவே ஒண்ணு வாங்கிட்டு வரேன். இல்ல, விசாரிக்க மாட்டேன். போனை வெக்காம வாங்கணுமா? இதென்ன பரீட்சையா? ...சரி, வெக்கல.”

போனைக் காதோடு ஒட்டியபடி கவுண்டருக்குப் போனார். ஒட்டகம் இருந்த இடம் காலி.

“கடைசி ரெண்டையும் இப்பத்தான் அந்த நர்ஸம்மா வாங்கிட்டுப் போனாங்க சார்,” என்றார் கடைக்காரர். “மிச்சம் மூணு கம்பெனி இருக்கு. எது வேணும்?”

மீட்டர்காரர் வாயைத் திறந்தார். சூடு, சத்தம், வாரண்டி, எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள்... பதினொரு கட்டமும் நாக்கு நுனிவரை வந்தன. கடைக்காரர் காத்திருந்தார். போனில் அவள் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், வகுப்பில் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல.

அவர் அலமாரியைக் கை காட்டினார்.

“அது.”