ராகு காலத்தில் சார்ஜ்

அடையாறு பாலத்துக்கு முன்னால் எங்கள் பஸ் நின்றுவிட்டது. என் ஜன்னலுக்குக் கீழே ஒரு நீளமான பேட்டரி சைக்கிளும் சார்ஜ் தீர்ந்து நின்றது. முன்பெட்டியில் சுருதிப்பெட்டியும் முருங்கைக்காயும். பின்சீட்டில் பட்டுப்புடவையில் ஒரு மாமி. ஓட்டி வந்தவர் அவர் கணவர்.

"மூணு மணிக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடுத்தேன்னு நான்தான் சார்ஜரைப் பிடுங்கினேன்," என்றார் கணவர்.

"ராகு காலத்துல புதுசா ஒண்ணைத்தான் ஆரம்பிக்கக் கூடாது. ஏறிண்டிருந்த சார்ஜை யாராவது நிறுத்துவாளா? அஞ்சு மணிக்கு நான் மேடையில இருக்கணும்!"

"மிதிச்சே போயிடலாம்."

"வாங்கின நாள்லேர்ந்து நீங்க மிதிச்சு நான் பார்த்ததில்லை."

"வாஸ்தவம்தான். நான் இளைக்கணும்னு வாங்கினேன். பேட்டரி இளைச்சுடுத்து."

பின்னால் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னா சார், பேட்டரி அவுட்டா? அம்மா இதுல குந்தட்டும். நீ ஹேண்டிலைப் புடி, நான் கால் வெச்சுத் தள்ளிக்கினு வரேன்."

மாமி சுருதிப்பெட்டியோடு ஆட்டோவில் ஏறினார்.

"நேத்துதான் உன் தம்பிகிட்ட ஆட்டோவே வேண்டாம்னு பிரசங்கம் பண்ணினேன்," என்றார் கணவர்.

"அவன் சபா வாசல்லதான் நிக்கறான்."

ஆட்டோக்காரர் காலை வைத்துத் தள்ள, சைக்கிள் நகர்ந்தது. கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து கம்பீரமாக மணி அடித்தார்.

"நீங்க பெல் அடிக்க வேண்டாம்," என்று உள்ளிருந்து மாமி சொன்னார். "அவர் ஹார்ன் அடிப்பார்."