காத்திருப்புக் காலம்

மெல்பேர்னின் டண்டினொங்கில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் பத்து வருடமாக இருக்கிறேன். ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியே களைத்துப்போவேன். சாதாரணக் காப்புறுதித் திட்டம் என்றால் பல் துப்புரவும் நிரப்புதலும்; இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பெரிய திட்டத்தில் வேர்ச்சிகிச்சை, பல்லுக்கு மூடிபோடும் கிரவுன் எல்லாம் அடங்கும். அதற்கு ஒரு வருடம். எந்தத் திட்டத்திலும் அவர்கள் தரும் பணத்துக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு.

சுஜீதனுக்கும் நான்தான் விளங்கப்படுத்தினேன். படகில் வந்தவர், தற்காலிக விசா, கோழித் தொழிற்சாலையில் வேலை. பெரிய திட்டத்தையே எடுத்துக் கொடுத்தேன். நல்ல ஆலோசனைதான். "துலைச்சுப்போடுவன் அக்கா, நீங்களே வச்சிருங்கோ" என்று காப்புறுதி அட்டையைத் தந்தார்.

அவருடைய ஒரு வருடம் ஏப்ரலில் முடிந்தது. அதே வாரம் என் கணவர் விக்னராஜாவுக்கு இரண்டு கிரவுன் போட வேண்டியிருந்தது. எங்களுக்குக் காப்புறுதி இல்லை. சுஜீதனின் அட்டையைத் தேய்த்தேன். அவருக்கு அப்போது பல்லில் ஒரு குறையும் இல்லை. அவருடைய அந்த ஆண்டு வரம்பு அதோடு முடிந்தது, இனி ஜூலையில்தான் புதுப்பிக்கும்.

மே மாதம் கன்னம் வீங்கி வந்து நின்றார். டொக்டரிடம் அனுப்பினால் வேர்ச்சிகிச்சை எழுதுவார். அட்டையைத் தேய்த்ததும் விஷயம் வெளியே வந்துவிடும்.

"தம்பி, உங்கட காத்திருப்புக் காலம் இன்னும் முடியேல்லை. ஜூலையில வாங்கோ."

"வருசம் முடிஞ்சுதெண்டெல்லோ நினைச்சன்."

"பிழையா எண்ணிப்போட்டியள்."

நம்பிப் போனார்.

ஐந்தாம் நாள் அழைத்தார். சொற்கள் குழறின.

"விழுங்கேலாமக் கிடக்கு அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகட்டே?"

"அங்க விசாவைத் துருவுவினம். திருப்பி அனுப்பினா என்ன செய்வியள்? பனடோல் போட்டுட்டுப் படுங்கோ."

அப்படி அனுப்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் காப்புறுதியைப் பற்றியும் கேட்பார்கள் என்பதுதான் என் யோசனை. இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்துவிட்டது. மறுநாள் வேலை முடிந்து வந்த அறை நண்பர்கள்தான் உடலைக் கண்டார்கள்.

மன்னாரிலிருந்து அவர் மனைவி யசிந்தா எனக்கு அழைத்தாள். "கூடப்பிறந்த அக்கா மாதிரி அவரைப் பாத்தனீங்கள்" என்று அழுதாள்.

"நேரத்தோட டொக்டரிட்டப் போங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னன். அவர் கேக்கேல்லை அம்மா" என்றேன்.

அந்த நேரத்தில் அவளுக்கு ஓர் ஆறுதல் தேவைப்பட்டது. அதையாவது என்னால் கொடுக்க முடிந்தது.