கணக்கில் வந்த கரை

— கரையை நீட்டுனியளா? எந்தக் கரையை?

— ஒங்க ஊர்ல எத்தனை கரை இருக்கு முருகம்மா? மலையடியில இருந்து ஒங்க அண்ணன் காடு வரைக்கும் நெடுக வருதுல்லா, அந்த மண்கரை. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி போட்டதாம். அதை நம்ம காட்டுலயும் கொஞ்சம் நீட்டுனேன்.

— நம்ம காடா? எங்க அப்பா எனக்குக் குடுத்த காடு.

— சரி, ஒன் காடு.

— அதை விக்க வெலை பேசி முடிச்சிட்டு வாங்கன்னுதானே ஊருக்கு அனுப்புனேன்?

— அதுக்குத்தான் போனேன். அங்க தொல்லியல்காரவுக மலைப்பக்கம் இருந்து டேப்பு வச்சு அளந்துகிட்டு வாராவ. இங்க தாராவியில இடிச்சிட்டு மாத்து வீடு தாரோம்னு சர்வே வந்தப்ப என்னாச்சு? ஊருக்குக் கோயில் கொடைக்குப் போயிருந்தோம். பூட்டுன ரூமுன்னு நம்பர் போடாமப் போயிட்டான். இந்தச் சால் வீட்டு வரிசையில மாத்து வீடு இல்லாதது நாம மட்டுந்தான். இன்னொரு மட்டம் விடுவனா?

— அளந்தா மாத்து எடம் தாரோம்னு அவுக சொன்னாவளா?

— தராதவன் எதுக்கு அளக்கான்?

— ம். சொல்லுங்க.

— ஞாயித்துக்கெழம அவுகளுக்கு லீவு. ஜேசிபி பிடிச்சு மண்ணைக் கூட்டுனேன். பக்காவா இருக்கணும்லா, ஒங்க அண்ணன் கரையில கெடந்த பழைய பானை ஓடெல்லாம் ஒண்ணு விடாமப் பொறுக்கி நம்ம கரையில சொருகுனேன்.

— அண்ணன் பாக்கலையா?

— பாத்தாரு. எதுக்கு மாப்ள இந்த வெயில்லன்னு மோர் குடுத்தாரு.

— பொறவு?

— அளந்துட்டு நம்ம காட்டுல பலகை நட்டுட்டாவ. உழக் கூடாது, தோண்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது.

— மாத்து எடம்?

— அப்படி ஒண்ணே கெடையாதாம்.

— நாந்தான் போட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே.

— சொன்னேன். அந்தத் தொல்லியல் மேடம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘இசக்கிதுரை ஐயா, காடு போயிருமேன்னு இவ்வளவு பழைய கரையைப் பொய்யின்னு சொல்லாதீங்க’ன்னாங்க. கண்ணு கலங்கிட்டு அவுகளுக்கு.

— எனக்கு வயிறு எரியுது. அதை வித்துத்தான் இங்க பக்கத்துல சுனாபட்டியில ஒரு ரூமு எடுக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு இதை இடிக்க வந்தா பிள்ளையள எங்க கூட்டிட்டுப் போவேன்?

— அதத்தான் ரயில்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

— காட்டை வாங்குறேன்னு நின்னாரே, அந்த ஆளு என்ன சொல்லுதாரு?

— அவரு ஒங்க அண்ணன் காட்டை வாங்கிட்டாரு.

— அங்கயும் கரை இருக்குல்லா?

— இருக்கு. ஒத்தப் பானை ஓடு கூட இல்லை, வெறும் மண்ணுமேடுன்னு தொல்லியல்காரவுகளே எழுதிக் குடுத்துட்டாவ.