குளத்து மருதோண்டி

எனக்குப் பிளேன்ரீயில் சீனி வேண்டாம், சேர். நாற்பது வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது.

நான் பல்கலைக்கழகத்தில் பாசியைப் பற்றிப் படிப்பிக்கிறவன். கல்முனையில் என்னைப் ‘பாசி டொக்டர்’ என்பார்கள். மருந்து எழுதத் தெரியாத டொக்டர் என்று பகிடியும் விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. இருந்தாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

என் மனைவியின் தகப்பன், என் மாமா முகம்மது தம்பி நேற்று இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு உங்களிடம் வந்து, தன் பேத்தியைத் தானே கொன்றதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பிழை. பிழையான தகவல் எழுத்தில் பதிவாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது என் தொழில் பழக்கம். அதனால்தான் வந்தேன்.

நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். வீடும் வயலும் சீதனமாகப் பெண்ணின் பெயருக்கு வரும். சொறிக்கல்முனைக்கு அப்பால் இருக்கும் அந்த வயல் என் மனைவி றுக்ஸானாவுக்கு வந்தது. எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. மாமாதான் வயல் குடிசையில், வாடி என்போம், அதில் தங்கி, எங்களுக்காக அதை விதைத்து வெட்டித் தந்துகொண்டிருந்தார். வயலின் பள்ளமான கோடியில் ஒரு சின்னக் குளம் இருந்தது. மாமாவுக்கு வேண்டியது வயல், எனக்கு வேண்டியது குளம். அதனால் எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் வந்ததில்லை.

அந்தக் குளத்தில் இரண்டு பாசிகள் இருந்தன. ஒன்று பச்சைப்பாசி, மற்றது நீலப்பச்சைப்பாசி. தண்ணீரில் சத்துக் குறைவாக இருந்தால் பச்சைப்பாசி வெல்லும். குறைவில் வாழ அதற்குத் தெரியும். வயல் உரம் கழுவி வந்து குளத்தில் சத்துக் கூடினால், போட்டி வெளிச்சத்துக்கு மாறிவிடும். நீலப்பச்சைப்பாசிக்கு மிதக்கத் தெரியும். அது மேலே ஏறிப் படர்ந்து, கீழே இருப்பதை இருட்டில் போட்டுவிடும். அதற்கு நஞ்சும் உண்டு. சில ஆண்டுகளில் அந்தக் குளம் முழுவதும் நீலப்பச்சைப்பாசியின் கைக்குப் போய்விடும் என்று நான் எழுதியிருந்தேன். வெளிநாட்டிலும் அதை மேற்கோள் காட்டினார்கள்.

பிறகுதான் உரமில்லாத காலம் வந்தது. நாடு முழுவதும் உரத்துக்குத் தட்டுப்பாடு. வயலுக்கு உரம் போகவில்லை, ஆகவே குளத்துக்கும் போகவில்லை. தண்ணீர் தெளிந்துகொண்டே போனது. வாளியில் அள்ளினால் அடி தெரிந்தது. பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கள் பக்கத்தில் மாமனார் மருமகனிடம் நேரே ஒன்றும் கேட்க மாட்டார். மகளிடம் சொல்லியனுப்புவார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் என் முன்னால் வந்து நின்றார்.

“மருமகன், வயல் முழுக்க மஞ்சளிச்சிப் போய்க் கிடக்கு. ஒங்கட ஆய்வுகூடத்துல உரம் இரிக்காமே. ஒரு பேக் தந்தா இந்தப் போகத்தத் தப்பிக்கலாம்.”

“அது ஆராய்ச்சிக்கு வாங்கின உரம், மாமா.”

“ஓம், அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

அந்த வாரமே, ஒரு நாள் சுபஹுத் தொழுதுவிட்டு, அவர் ஊருக்கு வந்திருந்த நேரம் பார்த்து, அந்தப் பேக்குகளை ஏற்றிக்கொண்டு போய்க் குளத்தில் கரைத்தேன். மஞ்சளித்து நின்ற பயிர் பக்கத்திலேயே இருந்தது. என் கணிப்பு பிழையல்ல, அந்த ஆண்டுதான் பிழை. ஆண்டைத் திருத்தினேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பாசி வந்தது. வடிவாக வந்தது, சேர். கரையோரமெல்லாம் பெயின்ற் ஊற்றியதுபோல் தடித்து நின்றது.

என் மகள் ஸுஹைறா அப்போது வாடியில்தான் இருந்தாள். பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடிய காலம் அது. மூத்தப்பாவோடு வயலில் நிற்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று போனவள். அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். வாடியில் இருப்பவர்கள் குளத்தங்கரையில் பூவல் தோண்டி, அதில் ஊறும் தண்ணீரைத்தான் குடிப்பார்கள் என்பதும் தெரியும். குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று மாமா கேட்பார்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியிருந்தது. நான் மாதிரி எடுக்கப் போன ஒரு பின்னேரம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“வாப்பா, பாருங்க, குளத்து மருதோண்டி!”

கைநிறையப் பாசியை அப்பியிருந்தாள். சின்ன வயதுப் பழக்கத்தில் விரல் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி நிறத்தைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த நிறம்தான். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

“கழுவிட்டு வாங்க மகள்” என்றேன். அவள் குளத்தில் போய்க் கழுவிவிட்டு வந்தாள்.

மறுநாள் சத்தி எடுத்தாள். அதற்கு மறுநாள் கண் மஞ்சளாகியது. பெற்றோல் தேடி அலைந்து, கடைசியில் ஒரு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலில் வைத்தே மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தடைசெய்த களைநாசினிப் போத்தல் ஒன்றை வாடிக் கூரைக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். பிள்ளை எடுத்துக் குடித்துவிட்டாளோ, அவருக்குத் தெரியவில்லை. டொக்டர் சின்ன வயதுப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க தண்ணி ஆராய்ச்சி செய்யுறவர்தானே, அங்க வேற ஏதாவது இருந்திருக்குமா?” என்று கேட்டார்.

“மாமாட்டக் கேளுங்க” என்றேன்.

அவர்கள் களைநாசினிக்கு வைத்தியம் பார்த்தார்கள். பெருநாளைக்கு முதல் நாள் என் பிள்ளை மௌத்தானாள். போத்தலின் மூடி திறக்கப்படவே இல்லை என்பதை அந்த அமளியில் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே இருந்த நாசினியை வாய்க்காலில் ஊற்றிப் போத்தலைப் புதைத்தேன்.

றுக்ஸானா தகப்பனோடு கதைப்பதில்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டாள். வீடு அவளுடையது, சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. மாமா இப்போது பள்ளிவாசல் விறாந்தையில் படுக்கிறார். நான் தொழப் போகும்போதெல்லாம் எழுந்து நின்று, “மருமகன், என்ன மன்னிச்சிடுங்க” என்கிறார். “அல்லாஹ்வின் நாட்டம் மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். குளத்தைப் பற்றிய என் புதிய கட்டுரை சென்ற மாதம் வெளியானது. முதற்பக்கத்தில் அதை ஸுஹைறாவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறேன்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். அவளுடைய பெருநாள் சட்டை இன்னும் மடிப்புக் கலையாமல் அலுமாரியில் இருக்கிறது. அதைத் திறக்கப் பயந்து நான் கட்டிய உடுப்பையே கட்டித் திரிகிறேன். என் ஈரக்குலை அறுந்துதான் போயிருக்கிறது.

அன்று டொக்டரிடம் நான் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பாசி நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. சொல்லியிருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சேர். தேதி கேட்பீர்கள். மருந்து இருக்கிறதா என்று நான் புத்தகங்களில் தேடிப் பார்த்தது, அவளை அடக்கிவிட்டு வந்த அன்று பின்னேரம்.